பத்து நிமிடப் படிவம், 400 டாலர் அபராதம்

அமெரிக்காவில் சிறு கம்பெனி நடத்துபவர்களை ஆண்டுதோறும் காலை வாரிவிடும் ஒரு கெடு

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் மாதத்தின் நான்காவது வெள்ளிக்கிழமை, அலுவலக நேரம் முடியும்போது, ஃப்ளோரிடா மாநிலத்தில் ஏராளமான கம்பெனிகள் சட்டப்படி இல்லாமல் போகின்றன. அவற்றில் பலவற்றின் கதவு அப்போதும் திறந்துதான் இருக்கும். கல்லாவில் ஆள் இருப்பார். மறுநாள் காலை வழக்கம்போலச் சரக்கு வந்து இறங்கும். ஆனால், தலைநகர் டலஹாசியில் இருக்கும் கம்பெனிப் பதிவேட்டில் அந்தப் பெயருக்கு எதிரே 'கலைக்கப்பட்டது' என்று ஏறியிருக்கும். உரிமையாளருக்கு அது தெரிய வருவது பெரும்பாலும் பல மாதங்கள் கழித்து, வங்கியில் கடன் கேட்கப் போகும்போதோ, கடையை விற்க ஆள் பார்க்கும்போதோதான்.

அந்தக் கம்பெனிகள் திவாலாகவில்லை. வரி ஏய்க்கவில்லை. யாரையும் ஏமாற்றவில்லை. மே 1-ம் தேதிக்குள் ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் படிவத்துக்கு ஆண்டறிக்கை என்று பெயர். பெயரைக் கேட்டதும் பெரிய கம்பெனிகள் வழவழப்பான தாளில் அச்சடித்துப் பங்குதாரர்களுக்கு அனுப்பும் கனமான புத்தகம் நினைவுக்கு வரும். இது அதுவல்ல. இதில் வரவு செலவுக் கணக்கு கிடையாது. லாபமா நஷ்டமா என்ற கேள்வி கிடையாது. கம்பெனியின் பெயர் என்ன, அலுவலகம் எங்கே, நிர்வாகிகள் யார், சட்டப்பூர்வ அறிவிப்புகளைப் பெற்றுக்கொள்ளும் 'ரெஜிஸ்டர்டு ஏஜென்ட்' யார் என்பதைத்தான் அரசு கேட்கிறது. பெரும்பாலும் போன வருடம் கொடுத்த விவரமே திரையில் வந்து நிற்கும். சரிதான் என்று சொல்லிப் பணத்தைக் கட்டினால் முடிந்தது. நம் ஊர் ஓய்வூதியர்கள் ஆண்டுக்கு ஒருமுறை கொடுக்கும் வாழ்நாள் சான்றிதழ் மாதிரிதான் இதுவும்: நான் இன்னும் இருக்கிறேன், இதே முகவரியில் இருக்கிறேன் என்று கம்பெனி சொல்கிறது.

இவ்வளவு எளிய வேலையில் ஏன் இத்தனை பேர் கோட்டை விடுகிறார்கள்?

டாக்ஸ் வேறு, இது வேறு

இந்தியாவில் கம்பெனி தொடங்கியவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சென்னையில் பதிந்தாலும் சண்டிகரில் பதிந்தாலும் ஒரே கம்பெனிச் சட்டம், ஒரே மத்திய அமைச்சகம், ஒரே இணையதளம். அமெரிக்காவில் அப்படி ஒரு மத்தியப் பதிவேடே கிடையாது. ஒரு கம்பெனியைப் பிறப்பிப்பதும் கலைப்பதும் மாநிலத்தின் அதிகாரம். 50 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் தனித்தனிச் சட்டம், தனித்தனிக் கெடு, தனித்தனிக் கட்டணம் வைத்திருக்கின்றன. அறிக்கையின் பெயர்கூட ஒன்றாக இல்லை. கலிஃபோர்னியாவில் 'ஸ்டேட்மென்ட் ஆஃப் இன்ஃபர்மேஷன்', நெவாடாவில் 'ஆனுவல் லிஸ்ட்', கொலராடோவில் 'பீரியாடிக் ரிப்போர்ட்'.

இதை வாங்கிக்கொள்ளும் அலுவலகம் பெரும்பாலான மாநிலங்களில் 'செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்' அலுவலகம். வருமான வரி வாங்கும் ஐ.ஆர்.எஸ். மத்திய அரசுத் துறை. இவர் கேட்டதை அவருக்குக் கொடுத்தால் கணக்கில் வராது. "அதான் ஏப்ரல்லயே டாக்ஸ் ஃபைல் பண்ணிட்டோமே" என்பதுதான் மாட்டிக்கொண்டவர்கள் சொல்லும் முதல் வாக்கியம். "அதெல்லாம் நம்ம சி.பி.ஏ. பாத்துப்பாரு" என்பது இரண்டாவது. வரிக் கணக்கு எழுதும் சி.பி.ஏ., தனியாகச் சொல்லிவைத்தால் ஒழிய, இந்த அறிக்கையைத் தொட வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. அவர் நீங்கள் அனுப்பிவிட்டீர்கள் என்று நினைப்பார். நீங்கள் அவர் அனுப்பிவிட்டார் என்று நினைப்பீர்கள். கெடு போய்விடும்.

சிறு தொழில் செய்பவர்கள் இன்று பெரும்பாலும் தேர்ந்தெடுப்பது எல்.எல்.சி. எனப்படும் வகையை. நஷ்டம் வந்தால் கடன்காரர்கள் வீட்டு வாசலுக்கு வராமல் தடுப்பது, கூட்டு வணிகம் போல எளிமையாக வரி கட்டுவது என இரண்டு வசதிகளையும் சேர்த்துத் தருவது இது. 1977-ல் வயோமிங் மாநிலம் ஓர் எண்ணெய்க் கம்பெனியின் தேவைக்காகக் கொண்டுவந்த சட்டத்தை 1982-ல் ஃப்ளோரிடா பின்தொடர்ந்தது, 1988-ல் ஐ.ஆர்.எஸ். அதன் வரிச் சலுகையை ஏற்ற பிறகு மற்ற மாநிலங்களும் வரிசையாக வந்தன. ஒவ்வொரு மாநிலமும் தனக்குத் தோன்றிய விதத்தில் எழுதிக்கொண்டதால் ஆண்டறிக்கை விதிகளும் ஆளுக்கொரு தினுசாக நிற்கின்றன.

எவ்வளவு தினுசு என்று பார்க்கலாம். மாசசூசெட்ஸில் ஓர் எல்.எல்.சி.யின் ஆண்டறிக்கைக்கு 500 டாலர். நியூயார்க்கில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 9 டாலர். மினசோட்டாவிலும் ஐடஹோவிலும் இலவசம், ஆனால் அனுப்பாவிட்டால் கம்பெனி கலைக்கப்படும். ஓஹையோ, மிசௌரி, அரிசோனா, நியூ மெக்சிகோ மாநிலங்களில் எல்.எல்.சி.க்கு இந்த அறிக்கையே கிடையாது. டென்னசியில் உறுப்பினர் ஒருவருக்கு 50 டாலர் வீதம், குறைந்தது 300, அதிகபட்சம் 3,000. கலிஃபோர்னியாவில் அறிக்கைக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வெறும் 20 டாலர்தான். ஆனால் மாநிலத்தின் வரி வாரியத்துக்குத் தனியாக ஆண்டுக்கு 800 டாலர் வைக்க வேண்டும், கம்பெனி ஒரு டாலர்கூடச் சம்பாதிக்காவிட்டாலும்.

கெடு நாளும் அப்படித்தான். வட கரோலைனாவில் ஏப்ரல் 15, மிஷிகனில் பிப்ரவரி 15. நியூஜெர்சியில் கம்பெனி பதிவான மாதத்தின் கடைசி நாள். நியூஜெர்சி எடிசனில் ஒரு மளிகைக் கடையும் டெக்சஸ் ஃப்ரிஸ்கோவில் அதற்கு ஒரு கிளையும் வைத்திருப்பவர் இரண்டு மாநிலங்களுக்கும் தனித்தனியாக அறிக்கை கொடுக்க வேண்டும். ஒரு மாநிலத்தில் பிறந்த கம்பெனி பக்கத்து மாநிலத்தில் கடை போட்டால் அங்கே அது வெளிமாநிலக் கம்பெனி. தனியாகப் பதிந்து, ஆண்டுதோறும் தனியாகப் புதுப்பிக்க வேண்டும். "டெலவேர்ல ஆரம்பிச்சா நல்லதாம்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, நியூஜெர்சியில் இட்லிக் கடை வைக்கப்போகிறவர் டெலவேரில் எல்.எல்.சி. பதிந்தால், டெலவேருக்கு 300 டாலர், நியூஜெர்சிக்கு 75 டாலர், டெலவேரில் முகவரி தரும் ஏஜென்டுக்குத் தனிச் சம்பளம். இட்லி வியாபாரத்துக்கு டெலவேரால் ஒரு பைசா பயன் கிடையாது.

செத்துப் பிழைத்தால் மலிவு

ஃப்ளோரிடாவுக்குத் திரும்புவோம். தண்டனை எப்படி இருக்கக் கூடாது என்பதற்கு அந்த மாநிலம் நல்ல பாடம்.

அங்கே ஜனவரி 1 முதல் மே 1 வரை அறிக்கை கொடுக்கலாம். எல்.எல்.சி.க்கு 138.75 டாலர், அதில் 50 டாலர் அறிக்கைக் கட்டணம், 88.75 டாலர் துணைக் கட்டணம். பங்குகள் வெளியிடும் வகையான கார்ப்பரேஷனுக்கு 150 டாலர். 'சன்பிஸ்' என்ற அரசு இணையதளத்தில் கம்பெனியின் ஆவண எண்ணைப் போட்டால் படிவம் திறக்கும். வீட்டுக்குத் தபாலில் படிவம் வராது.

மே 2-ம் தேதி வந்து நின்றால் கட்டணத்தோடு 400 டாலர் அபராதம். நம் பணத்தில் 30,000 ரூபாய்க்கும் மேல். ஒரு நாள் தாமதமானாலும் 400, மூன்று மாதம் தாமதமானாலும் 400. உடம்பு சரியில்லை, ஊருக்குப் போயிருந்தேன், மின்னஞ்சல் வரவில்லை என்ற எதுவும் எடுபடாது. பல கோடி புரளும் ஹோட்டல் குழுமத்துக்கும், வீட்டு கராஜில் முறுக்கு சுட்டு விற்கும் பெண்மணிக்கும் அதே 400. ஹோட்டல்காரருக்கு இதைப் பார்த்துக்கொள்ளவே ஆட்கள் இருக்கிறார்கள் என்பதால், இந்தத் தொகையைக் கட்டுவது பெரும்பாலும் முறுக்குக்காரர்தான்.

வேடிக்கை இனிமேல்தான். செப்டம்பர் மூன்றாவது வெள்ளிக்கிழமை வரைக்கும் அறிக்கை வராவிட்டால், நான்காவது வெள்ளிக்கிழமை கம்பெனி கலைக்கப்படும். அப்படிக் கலைக்கப்பட்ட எல்.எல்.சி.யை உயிர்ப்பிக்க 100 டாலர் மறுபதிவுக் கட்டணம், விடுபட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் 138.75 டாலர். அந்த 400 டாலர் அபராதம் இதில் சேராது. சட்டமே விலக்கு அளிக்கிறது. ஆக, ஜூன் மாதம் தவறை உணர்ந்து ஓடி வந்தவர் கட்டுவது 538.75 டாலர். எதுவுமே செய்யாமல் சாகவிட்டு அக்டோபரில் எழுப்பியவர் கட்டுவது 238.75 டாலர். நேர்மையாக முன்வந்தவருக்கு 300 டாலர் கூடுதல் தண்டனை! கார்ப்பரேஷனுக்கு மறுபதிவுக் கட்டணம் 600 டாலர் என்பதால் அங்கே இந்தக் கணக்கு தலைகீழ். சிறியவர்கள் பயன்படுத்தும் வகையில்தான் இந்தக் கோணல்.

இதைப் படித்துவிட்டு யாரும் செப்டம்பருக்காகக் காத்திருக்க வேண்டாம். கலைக்கப்பட்ட கம்பெனி, தன் கணக்குகளை முடித்துக் கடையைக் கட்டும் வேலை தவிர வேறு வியாபாரம் செய்யக் கூடாது. உயிர்ப்பித்தால் அது முன்தேதியிட்டுச் செல்லும் என்று சட்டம் சொன்னாலும், நடுவில் இருக்கும் வாரங்களில் கடைக்கு முன்னால் ஒருவர் வழுக்கி விழுந்து வழக்குப் போட்டால், எதிர்த் தரப்பு வக்கீல் முதலில் தோண்டுவது அந்தத் தேதியைத்தான். ஒரு வருடத்துக்கு மேல் கிடப்பில் போட்டால் உங்கள் கம்பெனிப் பெயரை வேறொருவர் எடுத்துக்கொள்ளலாம். போர்டு உங்களுடையது, பெயர் அவருடையது என்றாகிவிடும்.

85,165 டாலர் பில்

சென்னை, கோவை, பெங்களூரு என எங்கே ஸ்டார்ட்-அப் கூட்டம் நடந்தாலும் டெலவேர் என்ற பெயர் ஒருமுறையாவது அடிபடும். மக்கள்தொகை 10 லட்சம் சொச்சம். அங்கே பதிவான கம்பெனிகள் 20 லட்சத்துக்கும் மேல். மனிதர்களைவிடக் கம்பெனிகள் அதிகம் வாழும் மாநிலம். அமெரிக்காவின் முதல் 500 பெரிய கம்பெனிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அங்கேதான் பதிவாகியிருக்கிறது. சென்னையில் 2010-ல் தொடங்கி 2021-ல் நாஸ்டாக்கில் பட்டியலான ஃப்ரெஷ்வொர்க்ஸும் சட்டப்படி ஒரு டெலவேர் கார்ப்பரேஷன்தான்.

கம்பெனிகளை ஈர்ப்பதில் இந்த முதலிடம் ஒருகாலத்தில் நியூஜெர்சியிடம் இருந்தது. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் 'டிரஸ்ட்' எனப்பட்ட பெரும் கம்பெனிக் கூட்டணிகளுக்கு வசதியாகச் சட்டத்தைத் தளர்த்தி, அவற்றிடம் ஆண்டு வரி வாங்கிச் செழித்த மாநிலம் அது. 1913-ல் ஆளுநர் உட்ரோ வில்சன் பதவி விலகி வெள்ளை மாளிகைக்குப் போகும் முன் கடுமையான சட்டங்களைக் கொண்டுவந்தார். கம்பெனிகள் பெட்டியைக் கட்டிக்கொண்டு, 1899-லேயே அதேபோன்ற சட்டத்தை எழுதி வைத்திருந்த டெலவேருக்குப் போயின. அன்றிலிருந்து இன்றுவரை கம்பெனிகள் ஆண்டுதோறும் கட்டும் 'ஃப்ரான்சைஸ் டாக்ஸ்' அந்த மாநில வருமானத்தின் முக்கியமான தூண். ஆண்டறிக்கை பதிவேட்டுக்காக மட்டும் அல்ல, கஜானாவுக்காகவும்தான் என்பதை இது காட்டுகிறது.

டெலவேர் எல்.எல்.சி.க்கு ஆண்டறிக்கை இல்லை; ஜூன் 1-க்குள் 300 டாலர் கட்டினால் போதும். கார்ப்பரேஷனுக்கோ மார்ச் 1-க்குள் அறிக்கை, 50 டாலர் கட்டணம், அதோடு ஃப்ரான்சைஸ் டாக்ஸ். புதிதாகத் தொடங்கிய ஒரு ஸ்டார்ட்-அப்பின் நிறுவனருக்கு முதல் குளிர்காலத்தில் ஏஜென்ட் வழியாக ஒரு நோட்டீஸ் வரும். வரி: 85,165 டாலர். வங்கியில் மொத்தமே 50,000 டாலர்தான் இருக்கும். பார்த்தவுடன் தூக்கம் போய்விடும்.

அந்தத் தொகை எங்கிருந்து வந்தது? முதலீட்டாளர்களுக்குப் பிற்பாடு கொடுக்க வசதியாக, ஸ்டார்ட்-அப்கள் தொடக்கத்திலேயே ஒரு கோடிப் பங்குகளை வெளியிட அனுமதி வாங்கி வைப்பது வழக்கம். டெலவேர் அரசு பங்கு எண்ணிக்கையை மட்டும் பார்த்துக் கணக்குப் போடுகிறது: முதல் 10,000 பங்குக்கு 250 டாலர், அதற்கு மேல் ஒவ்வொரு 10,000-க்கும் 85 டாலர். ஒரு கோடிப் பங்குக்கு 85,165 டாலர்.

ஆனால் அதே சட்டத்தில் இரண்டாவது வழியும் உண்டு. கம்பெனியின் மொத்தச் சொத்தை வெளியிட்ட பங்குகளால் வகுத்து, வரும் தொகையை அனுமதி பெற்ற பங்குகளால் பெருக்குவது. சொத்து 50,000 டாலர், வெளியிட்ட பங்கு 80 லட்சம், அனுமதி பெற்றது ஒரு கோடி என்றால் விடை 62,500 டாலர். பத்து லட்சம் டாலருக்கு அல்லது அதன் பகுதிக்கு 400 டாலர் வரி. ஆக, கட்ட வேண்டியது 400 டாலர். அறிக்கைக் கட்டணம் சேர்த்து 450. அதே கம்பெனி, அதே ஆண்டு, அதே இணையதளம். சொத்தின் மதிப்பையும் வெளியிட்ட பங்குகளையும் உரிய கட்டத்தில் போட்டால் கணினியே குறைந்த தொகையைக் காட்டிவிடும்.

குறைந்த தொகையைக் காட்டத் தெரிந்த அரசு, நோட்டீஸிலேயே அதைச் சொல்வதற்கு என்ன தடை? சொத்து விவரம் அரசிடம் முன்கூட்டி இல்லை என்பது உண்மைதான். இருந்தாலும் முதல் வருடக் கம்பெனிக்கு 85,165 என்று அச்சிட்டு அனுப்புவதில் ஒரு குரூரம் இருக்கிறது. நோட்டீஸைக் கண்டு பயந்து கம்பெனியை அப்படியே கைவிடுபவர்களுக்கு 200 டாலர் தாமத அபராதமும் மாதம் 1.5 சதவீத வட்டியும் ஏறிக்கொண்டே போகும். ஓராண்டு நிலுவை வைத்தால் கம்பெனியின் சாசனம் செல்லாததாகிவிடும்.

இந்தியாவில் இருந்தபடியே டெலவேரிலோ வயோமிங்கிலோ எல்.எல்.சி. பதிந்து, வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் டாலரில் பணம் வாங்கும் ஃப்ரீலான்சர்கள் தமிழ்நாட்டில் பெருகியிருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. மாநிலக் கட்டணத்தோடு கடமை முடிந்துவிடவில்லை. வெளிநாட்டவர் ஒருவரே முழு உரிமையாளராக இருக்கும் எல்.எல்.சி., தனக்கும் உரிமையாளருக்கும் இடையே பணம் நகர்ந்த ஆண்டுகளில் 5472 என்ற படிவத்தை ஐ.ஆர்.எஸ்.ஸுக்கு அனுப்ப வேண்டும். நீங்கள் உங்கள் கைப்பணத்தைக் கம்பெனிக் கணக்கில் போட்டதும் அதில் சேரும். வரி பூஜ்யமாக இருந்தாலும் படிவம் போயாக வேண்டும். தவறினால் அபராதம் 25,000 டாலர். 'ஒரே நாளில் அமெரிக்கக் கம்பெனி' என்று விற்பவர்களின் விளம்பரத்தில் இந்த எண்ணைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது.

பென்சில்வேனியா காட்டும் வழி

இதே வேலையை மனிதர்களை வதைக்காமல் செய்ய முடியும். பென்சில்வேனியாவில் நீண்ட காலம் பத்து வருடத்துக்கு ஒருமுறைதான் அறிக்கை. 2001, 2011, 2021 என்று வரும். பத்து வருடம் என்றால் யாருக்கும் ஞாபகம் இருக்காது. பதிவேட்டில் இருக்கும் கம்பெனி உயிரோடு இருக்கிறதா என்பது அரசுக்கே தெரியாது. 2022-ல் நிறைவேறிய சட்டத்தின் மூலம் அதை மாற்றி, 2025 முதல் ஆண்டறிக்கையைக் கொண்டுவந்தார்கள்.

கட்டணம் 7 டாலர். லாப நோக்கமற்ற அமைப்புகளுக்கு அதுவும் இல்லை. கார்ப்பரேஷனுக்கு ஜூன் 30, எல்.எல்.சி.க்குச் செப்டம்பர் 30, மற்றவற்றுக்கு டிசம்பர் 31 என்று கெடுவை வகை பிரித்தார்கள். நினைவூட்டல் அனுப்புகிறார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது, முதல் இரண்டு ஆண்டுகளில் அறிக்கை வராவிட்டாலும் கம்பெனியைக் கலைப்பதில்லை. 2027-ம் ஆண்டு அறிக்கையிலிருந்துதான் அந்தத் தண்டனை. புது விதி என்றால் மக்கள் பழக நேரம் வேண்டும் என்று யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார்.

முகவரி சரியாக இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் 7 டாலர் போதும் என்கிறது பென்சில்வேனியா. அப்படியானால் மாசசூசெட்ஸ் வாங்கும் 500 டாலரில் மிச்சம் 493 டாலர் எதற்கு? வேறு பெயரில் வாங்கும் வரி அது. வரி வாங்கலாம், மாநிலத்துக்குச் செலவுகள் உண்டு. ஆனால் வரி என்று சொல்லி, வருமானம் பார்த்து வாங்குவதுதான் முறை.

டெக்சஸ் பாதி வழி வந்திருக்கிறது. அங்கே செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்டுக்கு ஆண்டறிக்கை கிடையாது. மே 15-க்குள், மாநில வரி வசூலிக்கும் கம்ப்ட்ரோலர் அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். வருவாய் ஒரு வரம்புக்குள் (2024-ல் அது 24.7 லட்சம் டாலர்) இருக்கும் கம்பெனிகளுக்கு 'வரி இல்லை' என்ற படிவமே 2024 முதல் தேவையில்லை என்று எடுத்துவிட்டார்கள். நல்ல செய்திதான். அதைக் கேட்டுப் பலர் மொத்தமாகக் கையைக் கழுவிவிட்டார்கள் என்பதுதான் சிக்கல். நிர்வாகிகள் யார், முகவரி என்ன என்று சொல்லும் பொதுத் தகவல் அறிக்கை இன்றும் கட்டாயம். அதைத் தராமல் கம்பெனியின் உரிமை பறிபோனால், அதற்குப் பின் ஏற்படும் கம்பெனிக் கடனுக்கு நிர்வாகிகள் சொந்தப் பொறுப்பாக வேண்டியிருக்கும். எந்தப் பாதுகாப்புக்காக எல்.எல்.சி. வைத்தோமோ, அதுவே கழன்று விழுகிறது.

வாசலில் வந்து நிற்கும் கடிதங்கள்

புதிதாக ஒரு கம்பெனி பதிந்த சில வாரங்களில் தபால் பெட்டி நிறையும். அரசு முத்திரை போலவே ஒரு சின்னம், படிவ எண், கெடு தேதி, 'உடனே பதில் அனுப்பவும்' என்ற எச்சரிக்கை. உள்ளே ஆண்டறிக்கைக்கோ, கம்பெனி நிலைச் சான்றிதழுக்கோ, தொழிலாளர் சட்டச் சுவரொட்டிக்கோ பணம் கேட்டிருப்பார்கள். மூலையில் பொடி எழுத்தில் 'இது அரசு அலுவலகம் அல்ல' என்று ஒரு வரி. தனியார் வியாபாரம். பதிவேட்டில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கும் பெயரையும் முகவரியையும் எடுத்துக்கொண்டு அனுப்புகிறார்கள். 7 டாலரில் முடியும் வேலைக்குப் பல மடங்கு கேட்பார்கள். பல மாநிலங்களின் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகங்கள் இதைப் பற்றி எச்சரித்து வருகின்றன.

கூகுளில் தேடினாலும் முதலில் வருவது இவர்களின் விளம்பரமாக இருக்கலாம். முகவரியின் கடைசியில் 'டாட் கவ்' என்று இருக்கிறதா பாருங்கள் என்பது பொதுவான அறிவுரை. ஃப்ளோரிடாவின் 'சன்பிஸ்' தளமோ அரசே நடத்துவது, ஆனால் 'டாட் ஆர்க்'. அரசாங்கமே இப்படிக் குழப்பினால் யாரைக் குற்றம் சொல்வது?

இன்னொரு குழப்பத்தை மத்திய அரசு சேர்த்தது. கம்பெனியின் உண்மையான உரிமையாளர் யார் என்று நிதித் துறையின் 'ஃபின்சென்' அமைப்புக்குச் சொல்ல வேண்டும் என்ற விதி 2024 ஜனவரி 1-ல் அமலானது. தவறினால் நாளுக்கு 500 டாலர் வரை அபராதம் என்றார்கள். பல லட்சம் பேர் அலறியடித்துக்கொண்டு பதிந்தார்கள். நீதிமன்றங்கள் தடை போட்டன, நீக்கின, மறுபடி போட்டன. 2025 மார்ச்சில் உள்நாட்டுக் கம்பெனிகளுக்கு இந்த விதியே பொருந்தாது என்று ஃபின்சென் அறிவித்துவிட்டது. வெளிநாட்டில் பிறந்து அமெரிக்க மாநிலத்தில் பதிந்த கம்பெனிகளுக்கு மட்டும் மிச்சம். இந்தச் செய்தியைப் படித்துவிட்டு, 'இனிமேல் ரிப்போர்ட் வேண்டாமாம்' என்று மாநில ஆண்டறிக்கையையும் சேர்த்து விட்டுவிடக் கூடாது. இரண்டுக்கும் தொடர்பில்லை.

மறந்துபோன கம்பெனிகளைத் தேடித் திரியும் திருடர்களும் இருக்கிறார்கள். அறிக்கையில் தரும் விவரம் உண்மையா என்று பல மாநிலங்கள் சோதிப்பதில்லை. கிடப்பில் போன கம்பெனியின் பெயரில் யாரோ ஒருவர் அறிக்கை அனுப்பி, தன்னையே நிர்வாகியாக எழுதிக்கொண்டு, அந்தப் பெயரில் கடன் வாங்கிவிட்டுப் போகலாம். செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்களின் தேசியச் சங்கம் இதை எச்சரித்து அறிக்கைகளே வெளியிட்டிருக்கிறது. சில மாநிலங்களில் உங்கள் கம்பெனிப் பதிவில் எது மாறினாலும் மின்னஞ்சல் வரும்படி பதிந்துகொள்ளலாம். காசு செலவில்லாத காவல், பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

ஏஜென்ட் முகவரி என்ற ஆணி

இந்தப் படிவத்தில் பத்து நிமிடத்தில் ஒன்பது நிமிடத்தைச் செலவிட வேண்டிய இடம் ஒன்றுதான்: ரெஜிஸ்டர்டு ஏஜென்ட். கம்பெனி மேல் யாராவது வழக்குப் போட்டால் நீதிமன்ற அழைப்பாணை போய்ச் சேர்வது அந்த முகவரிக்குத்தான். அந்த மாநிலத்துக்குள் உண்மையான முகவரியாக இருக்க வேண்டும். தபால் பெட்டி எண் செல்லாது. சிறு வணிகர்கள் பலர் செலவை மிச்சப்படுத்தத் தங்கள் வீட்டு முகவரியையோ நண்பரின் முகவரியையோ கொடுத்திருப்பார்கள். நண்பர் வேலை மாறி வேறு மாநிலம் போயிருப்பார். அழைப்பாணை பழைய வீட்டு வாசலில் கிடக்கும். உரிய நாளில் யாரும் ஆஜராகாததால் கேட்ட தொகையை அப்படியே கொடுக்கும்படி தீர்ப்பு ஆகிவிடும். உங்களுக்குத் தெரிவது வங்கிக் கணக்கு முடக்கப்படும்போதுதான்.

அறிக்கை நிலுவையில் இருப்பவர் வழக்குத் தொடுக்க முடியாது என்ற விதியும் பல மாநிலங்களில் உண்டு. வேலையை முடித்துக் கொடுத்த பிறகு வாடிக்கையாளர் பணம் தர மறுக்கிறார் என்று நீதிமன்றம் போனால், 'முதலில் உங்கள் அறிக்கையைக் கொடுத்துவிட்டு வாருங்கள்' என்று திருப்பி அனுப்புவார்கள். கலிஃபோர்னியாவில் கம்பெனி முடக்கப்பட்டால் வழக்குத் தொடுக்கவும் முடியாது, தன்மேல் வந்த வழக்கில் வாதாடவும் முடியாது.

இவ்வளவுக்கும் காரணம் ஒரு பக்கப் படிவம் என்றால், தவறு மறந்தவரிடம் மட்டும் இல்லை. நேரத்துக்கு வராத அறிக்கைக்கு முதல் முறை 25 டாலர், தொடர்ந்தால் கூடுதல் என்று படிப்படியாக வைக்கலாம். ஓட்டுநர் உரிமத்துக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் அரசு இதற்கும் அனுப்பலாம். ஃப்ளோரிடாவின் 400 டாலர், சிறியவர்களின் மறதியில் பணம் பார்க்கும் ஏற்பாடு. அதைப் பென்சில்வேனியா அளவுக்குக் குறைப்பதால் எந்தப் பதிவேடும் கெட்டுவிடப் போவதில்லை.

சட்டம் மாறும்வரை செய்ய வேண்டியதைச் சொல்லிவிடலாம். அமெரிக்காவில் உங்களுக்கோ, உங்கள் தம்பிக்கோ, மகளுக்கோ ஓர் எல்.எல்.சி. இருந்தால், அது பதிவான மாநிலத்தின் அரசுத் தளத்தில் இன்று இரவே கம்பெனியின் பெயரைத் தேடிப் பாருங்கள். கட்டணம் இல்லை, உள்நுழைவும் பெரும்பாலும் தேவையில்லை. நிலை 'ஆக்டிவ்' அல்லது 'குட் ஸ்டேண்டிங்' என்று இருக்கிறதா, ஏஜென்டின் முகவரியில் இன்னும் அவர்தான் இருக்கிறாரா என்று மட்டும் பாருங்கள். கட்டணங்களை அங்கேயே சரிபாருங்கள், அவை சட்டசபைக்குச் சட்டசபை மாறுகின்றன. அடுத்த கெடு தேதியை செல்போனில் இரண்டு பேர் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவர் மறந்தால் மற்றவர் ஞாபகப்படுத்தலாம். கலைக்கப்பட்டதாகக் காட்டினால் பயப்பட வேண்டாம், பெரும்பாலான மாநிலங்களில் பணத்தைக் கட்டி மீட்டுவிடலாம். எவ்வளவு சீக்கிரம் போகிறீர்களோ அவ்வளவு நல்லது.